நாட்டிய கதியாலைப் பிடுங்குதல்: நெஞ்சில் இருக்கும் விக்கிரகங்களை விடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வளவின் வடக்கு எல்லையில் ஒரு பனை நிற்கிறது. அது எங்களுடையதா, பக்கத்து வளவுக்காரருடையதா என்பதில் அப்பா காலத்திலேயே பிரச்சினை. வேலி அடைக்கும்போது பட்டுப்போன கதியாலுக்கு, அதாவது வேலிக்கு ஊன்றும் உயிர்த்தடிக்கு, பதிலாகப் புதுக் கிளுவங் கதியால் நாட்டுவார்கள். அதைப் பழைய குழியில் நாட்டாமல் நாலு விரல் தள்ளி நாட்டுவது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. அவர்கள் நாலு விரல் தள்ளினால் அடுத்த வருடம் நாங்கள் தள்ளுவோம். அப்பா போன பிறகு காணி உறுதியோடு அந்தப் பகையும் எனக்கு முதுசமாக வந்தது. நான் அதை வழக்காக்கினேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கி வர, ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அன்று நான் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனது சொப்பிங் பாக்கில் சுற்றிய காணி உறுதி. வேதப்புத்தகம் மேசையிலேயே கிடந்தது. போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அந்தப் பக்கத்து வளவுக் குடும்பத்துக்கும் ஒரே வகுப்பறை. ஒரே பானையில் கஞ்சி. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு முழுக்க ஈரத்துணி போட்டது அந்த அக்காதான். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக் கதவைத் திறக்க முதல் நான் நேரே வடக்கு வேலிக்குப் போய்க் கதியால்களை எண்ணினேன்.

ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவன் செய்த வேலை அது. விக்கிரகம் என்றால் என்ன என்று எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஆனால் அதை விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் பல வருடம் எடுத்தது. அந்த வருடங்களில் படித்ததையும் செய்து பார்த்ததையும்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்க முன்: எதைப் பற்றிப் பேசுகிறோம்

விக்கிரகம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களின் கண் அயல் வீட்டுச் சாமி அறைக்குப் போகிறது. முதலில் அந்தக் கண்ணைத் திருப்ப வேண்டும். எசேக்கியேல் 14ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் மூப்பர்கள் தீர்க்கதரிசியின் முன்னால் பக்தியாக வந்து உட்காருகிறார்கள். அவர்களைப் பற்றிக் கர்த்தர் சொல்வது, “தங்கள் நரகலான விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தின்மேல் நாட்டி” இருக்கிறார்கள் என்பது. நாட்டி என்ற அந்தச் சொல்லில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். நாங்கள் கதியாலைத்தான் நாட்டுவோம். வெறும் தடியாக நாட்டுகிறோம், ஒரு மாரி கழிந்தால் அது வேர்விட்டுத் துளிர்த்து மரமாகிவிடுகிறது. பிறகு பிடுங்க ஆள் வேண்டும்.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதலாம் கட்டளைக்குச் சொன்ன விளக்கமும் இதுதான்: உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு எதில் நம்பிக்கை வைக்கிறதோ, அதுவே உண்மையில் உன் தேவன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2113ஆம் எண்ணில், அதிகாரம், இன்பம், இனம், மூதாதையர், அரசு, பணம் எல்லாவற்றையும் விக்கிரகம் ஆகக்கூடியவை என்று எழுதியிருக்கிறது. இனம், மூதாதையர் என்ற சொற்களை எங்கள் ஊரில் இருந்து வாசிப்பவருக்குச் சுருக்கென்று குத்தும். ஆலயத்தில் சுரூபம் வைப்பதா இல்லையா என்ற சபைகளுக்கிடையிலான பழைய வாதத்துக்குள் நான் போகவில்லை. சுரூபமே இல்லாத வெள்ளைச் சுவரின் முன்னால் இருந்தபடி பனைக்காகப் பகை வளர்த்தவன் நான்.

முதலாவது படி: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். பிள்ளைகளின் பழைய பயிற்சிக் கொப்பி போதும். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம், விட வேண்டாம். இரவில் படுக்க முன் மூன்று விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

இன்று எது என் நித்திரையைக் கெடுத்தது? இன்று எதற்காகப் பொய் சொன்னேன், அல்லது சொல்ல நினைத்தேன்? யாராவது எதைத் தொட்டால் எனக்கு அளவுக்கு மிஞ்சிய கோபம் வந்தது?

பலர் “எனக்கு எதில் ஆசை” என்று கேட்டுத் தேடுவார்கள். அதில் அவ்வளவு பிடிபடாது, ஆசையை மறைக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். பயத்தையும் கோபத்தையும் மறைப்பது கடினம். “கனடாவில இருந்து கோல் வரேல்லை” என்று மூன்று இரவு எழுதியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. “மகனுக்கு மூன்று ஏ வரும் எண்டு சொல்லிப்போட்டன், இப்ப என்ன செய்யிறது” என்று எழுதியிருந்தால் அங்கேயும் இருக்கிறது. ஒரு வாரம் முடிய எழுதியதை வாசித்துப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்.

கூடவே ஒருவரிடம் கேளுங்கள். மனைவியிடமோ கணவரிடமோ கேட்பது நல்லது, அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். நான் கேட்டபோது என் மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தா. திரும்பிக்கூடப் பார்க்காமல், “உங்களுக்கு அந்த வேலிதானே” என்றா.

இரண்டாவது படி: நல்லதா கெட்டதா என்று குழம்ப வேண்டாம்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள். “பிள்ளையின் படிப்பில் அக்கறை எடுப்பது பாவமா? காணி கர்த்தர் தந்தது அல்லவா?” என்று கேட்பார்கள். சரி, கர்த்தர் தந்ததுதான். 2 இராஜாக்கள் 18:4ஐ எடுத்து வாசியுங்கள். வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த ஜனங்களைக் காப்பாற்ற மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் தேவன் சொல்லிச் செய்தது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் எசேக்கியா ராஜாவின் நாளில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்து, நிகுஸ்தான் (வெறும் வெண்கலத் துண்டு) என்று பெயரிட்டான்.

எங்கள் ஊரில் படிப்புக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் தொடங்கினார்கள். அதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள், என் அம்மம்மாவும் ஒருத்தி. வெண்கலச் சர்ப்பம் மாதிரி உயிர் கொடுத்த காரியம். இன்றைக்குச் சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் ஒரு பிள்ளை தாய் தகப்பனின் முகத்தைப் பார்க்கப் பயந்து அறைக்குள் இருக்கிறது என்றால், நாங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கிவிட்டோம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது என்னிடமிருந்து போனால் தேவன் எனக்குப் போதுமா? உடனே “போதும்” என்று வாய் சொல்லும். வயிறு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற தாய்மார் எங்கள் மண்ணில் இருக்கிறார்கள். அந்தப் படம் விக்கிரகம் அல்ல. துக்கமும் காத்திருப்பும் விக்கிரக ஆராதனை அல்ல. “பிள்ளையைக் கர்த்தரிடம் விட்டுவிடு” என்று அவர்களிடம் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறவர் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்து அழட்டும்.

மூன்றாவது படி: அது உங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்று பாருங்கள்

ஒன்றும் தராத பொருளை யாரும் கும்பிடுவதில்லை. ஒவ்வொரு விக்கிரகமும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கும். கொப்பியில் உள்ள பெயருக்குப் பக்கத்தில், அது கொடுத்த வாக்கை ஒரு வரியில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பயணம் சொல்வது: இனி ஓட வேண்டி வராது. நகை சொல்வது: இரவோடு இரவாகப் புறப்பட்டாலும் கையில் ஏதாவது இருக்கும். சாதி சொல்வது: எல்லாம் போனாலும் நீ இன்னாருக்கு மேலே. எனக்குப் பனை சொன்னது: அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை.

இதை எழுதும்போது உங்கள் மேலேயே உங்களுக்கு இரக்கம் வரும். வரட்டும். எங்கள் தலைமுறை சும்மா இவற்றைப் பிடிக்கவில்லை. இடம்பெயர்ந்து, திரும்பி, மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள் உறுதியான ஒன்றைத் தேடியது இயல்பு. எரேமியா 2:13இல் கர்த்தர் சொல்கிறார்: ஜீவத்தண்ணீர் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள். தாகம் எடுத்தது குற்றம் என்று அந்த வசனம் சொல்லவில்லை. தாகத்தோடு எங்கே போனார்கள் என்பதைத்தான் கேட்கிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்ததும் இறைப்பும் நின்றது. கிணறு ஊற நேரம் கிடைத்தது. மோட்டர் வந்தபின் களைப்பில்லாமல் இறைத்தோம். எத்தனையோ கிணறுகளில் கீழிருந்த உப்பு மேலே வந்தது. அதே கிணறுதான், அதே கயிறுதான், வாயில் வைத்தால் உவர். பிள்ளையிடமோ காணியிடமோ பெயரிடமோ, அது தரக்கூடிய அளவுக்கு மேல் இறைக்கும்போதும் இந்த உவர் வருகிறது. தகப்பனின் மரியாதை முழுவதையும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடமிருந்து இறைக்க முடியாது.

நான்காவது படி: பெயர் சொல்லி ஜெபித்து, பிறகு எழும்பிப் போங்கள்

“ஆண்டவரே, என் விக்கிரகங்களை எல்லாம் மன்னியும்” என்ற பொது ஜெபத்தில் ஒன்றும் அசையாது. பெயரைச் சொல்லுங்கள். “ஆண்டவரே, வடக்கு வேலியும் அந்தப் பனையும்” என்று நான் வாய்விட்டுச் சொன்ன முதல் நாள் வெட்கத்தில் குரல் வரவில்லை.

ஜெபத்தோடு நிறுத்தினால் பாதி வழி. வரி வாங்கும் ஆயக்காரனான சகேயு, இயேசுவைப் பார்க்க ஏறிய காட்டத்தி மரத்திலிருந்து இறங்கியதும் ஒரு கணக்குச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனை திரும்ப. உங்கள் விக்கிரகத்தால் இழப்பு அடைந்தவர் யாரோ இருப்பார். அவரிடம் போக வேண்டும்.

என் காரியத்தில் அது ஒரு நற்கருணை ஞாயிறு. காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை இருக்கிறதென்று நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முன்பு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரப் பகுதி வாசிக்கப்பட்டது. அயலானின் எல்லைக்குறியை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27:17இல் இருப்பது அந்த வாரம்தான் என் கண்ணில் பட்டிருந்தது. நான் அப்பத்தை எடுக்காமல் எழும்பி வந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே பக்கத்து வளவுக்குப் போனேன். அந்த அண்ணை முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நாலு தரம் கதியாலைத் தள்ளி நாட்டினது நான்தான்” என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குத் தெரியும் தம்பி. நானும் நாட்டினனான்” என்றார். அக்கா உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்தா. அன்று வேறு ஒன்றும் பேசவில்லை.

பிறகு நில அளவையாளரைக் கூப்பிட்டு, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டு அளந்தோம். வழக்கை முடித்துக்கொண்டோம். உங்களுக்கும் இப்படி ஒரு தகராறு இருந்தால், நேரே பேச முடியாத நிலை என்றால், மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க இருக்கிறது. சிறு பிணக்குகளைச் சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்க வழியுண்டு. அளவையில் பனை யாருக்கு வந்தது என்று கேட்பீர்கள். அவர்களுக்கு.

ஒரு எச்சரிக்கை. விடுவது என்றால் பொறுப்பைக் கைவிடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனைவியின் சீதனக் காணியை அவரைக் கேட்காமல் தானம் பண்ணிவிட்டு “கர்த்தருக்காக விட்டேன்” என்று சொன்னவரை எனக்குத் தெரியும். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையே, எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமே, சீதனத்தையும் முதுசத்தையும் கல்யாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டத்தையும் வேறு வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. மற்றவருடையதைக் கொடுத்து நீங்கள் விடுதலை அடைய முடியாது.

ஐந்தாவது படி: வீட்டில் கையால் தொடக்கூடியவை

தாயத்து, மந்திரித்த நூல், சாத்திரக் குறிப்பு, புது வீடு கட்டும்போது தொங்கவிடும் வெருளி. ஞானஸ்நானம் எடுத்து மூன்று தலைமுறை ஆன வீடுகளிலும் இவை உண்டு. கல்யாணம் பேசும்போது “சும்மா ஒருக்காப் பாத்து வைப்பம்” என்று குறிப்பு பார்க்கிறார்கள். எபேசுவில் விசுவாசிகள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களை எல்லோருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள், அதன் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19:19 சொல்கிறது. விற்றுக் காசாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யாக்கோபின் வீட்டார் கொடுத்த அந்நிய தெய்வங்களையும் காதணிகளையும் அவன் சீகேமுக்கு அருகே மரத்தின் கீழ் புதைத்தான். உங்களுடையது என்றால் எரியுங்கள் அல்லது புதையுங்கள். யாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம்.

உங்களுடையது என்றால் என்ற சொல்லுக்குத்தான் பாரம் அதிகம். சைவக் குடும்பத்திலிருந்து தனியாக விசுவாசத்துக்கு வந்த தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கேட்பார்கள்: அம்மாவின் சாமிப் படங்களை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். அவை அம்மாவுடையவை. கிதியோன் இரவில் தகப்பனின் பலிபீடத்தை இடித்தானே என்று உடனே எடுத்துக் காட்டுவார்கள். அது உடன்படிக்கைக்குள் இருந்த இஸ்ரவேல் வீடு, கர்த்தர் நேரே கட்டளையிட்ட காரியம். பவுல் அர்த்தெமி தேவியின் ஊரான அதே எபேசுவில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசியில் அந்த ஊரின் சம்பிரதியே, நகர அதிகாரியே, எழும்பி, இவர்கள் கோவில் கொள்ளைக்காரரும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களும் அல்ல என்று சாட்சி சொன்னான். எங்களைப் பற்றியும் அயலவர்கள் அப்படிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாசலில் வந்து தாகம் என்று கேட்பவருக்குத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் நெஞ்சில் நாட்டியதைப் பிடுங்கவே உங்களுக்கு ஆயுள் போதாது.

ஆறாவது படி: நாற்பது நாள்

லெந்து நாட்களில், கத்தோலிக்கர் சொல்லும் தவக்காலத்தில், இறைச்சி விடுகிறோம். இந்த முறை கொப்பியில் உள்ள பெயரோடு சேர்ந்த ஒரு பழக்கத்தை விட்டுப் பாருங்கள். போன் என்றால் இரவு எட்டு மணிக்குப் பிறகு அதை அடுப்படி அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நகை என்றால் நாற்பது நாளும் கல்யாண வீட்டுக்கும் வெறும் கழுத்தோடு போங்கள். பிள்ளையின் படிப்பு என்றால் நாற்பது நாளைக்குப் புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். டியூசனுக்குப் போய் வந்த பிள்ளையிடம் “சாப்பிட்டியோ” என்று மட்டும் கேளுங்கள். முதல் வாரம் பிள்ளை சந்தேகமாகப் பார்க்கும்.

ஏழாவது படி: சீதனமும் சாதியும்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மற்ற விக்கிரகங்கள் தனி ஆளின் நெஞ்சில் இருக்கின்றன. இவை இரண்டையும் ஊரே சேர்ந்து நாட்டியிருக்கிறது. ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்போம், ஒரே வாங்கில் இருந்து பாடுவோம். மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது மட்டும் “அவையள் ஆர் ஆக்கள்?” என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி எங்கள் ஆராதனை முழுவதையும் பொய்யாக்கிவிடுகிறது என்று நான் உண்மையிலேயே நம்புகிறேன். கலாத்தியர் 3:28ஐச் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

ஊர் நாட்டியதைத் தனியாகப் பிடுங்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக் குழியில் இருப்பதைப் பிடுங்கலாம். ஆண்பிள்ளை இருக்கிறவர்கள் இப்போதே, அவனுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போதே, சாப்பாட்டு மேசையில் சொல்லுங்கள்: உனக்குச் சீதனம் கேட்க மாட்டோம். உறவினர் முன்னால் சொல்லுங்கள். சொன்ன வார்த்தை பிறகு உங்களைப் பிடித்து வைத்திருக்கும். சாதிக்கு, வாயால் சொல்வதைவிடக் கால் போக வேண்டும். உங்கள் பெற்றோர் ஒருநாளும் கை நனைக்காத வீடு ஒன்று உங்கள் சபையிலேயே இருக்கும். அங்கே போய்ச் சாப்பிடுங்கள். பிறகு அவர்களைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுக் கோப்பையில் பரிமாறுங்கள். “நாலு பேர் என்ன சொல்லுவினம்” என்ற குரல் அந்த நேரம் காதுக்குள் கேட்கும். அந்த நாலு பேரைத்தான் இத்தனை காலமும் கும்பிட்டிருக்கிறோம்.

எட்டாவது படி: வெறுமையாக விட வேண்டாம்

மத்தேயு 12இல் இயேசு சொன்ன உவமையில், ஆவி புறப்பட்டுப் போன வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு நிற்கிறது. யாரும் குடியிருக்கவில்லை. போனது ஏழு பேரோடு திரும்பி வருகிறது. எதையாவது விட்டால் அந்த இடத்துக்கு ஏதாவது வர வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போனைப் பூட்டினால் எட்டரைக்குக் குடும்ப ஜெபம் இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, அன்று யாருக்கு என்ன கஷ்டம் என்ற பேச்சு. கொடுக்கிற பழக்கத்தையும் தொடங்குங்கள், அது பணத்தின் பிடியைத் தளர்த்தும். ஆனால் அறுவடை ஆராதனை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டுச் சபை திரும்பிப் பார்க்கிறதா என்று பார்ப்பதும், கட்டிய மண்டபத்தில் பெயர்க் கல் வேண்டும் என்று நிற்பதும் வேறு கதை. கொடுத்ததைக் கொப்பியில்கூட எழுதாதீர்கள்.

ஒன்பதாவது படி: அது திரும்பத் துளிர்க்கும்

கிளுவையை வெட்டினால் பக்கத்தில் முளைக்கும். வேலிப் பிரச்சினை தீர்ந்த பிறகு சில மாதம் என் நெஞ்சு லேசாக இருந்தது. பிறகு “நான் பனையையே விட்டவன்” என்ற நினைப்பு வந்து உட்கார்ந்தது. ஜெபக் கூட்டத்தில் அந்தச் சாட்சியை மூன்றாம் முறை சொன்னபோது என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. வீட்டுக்கு வந்து கொப்பியில் அதையும் எழுதினேன். அதற்குப் பிறகு இப்போதுதான், அதுவும் தேவை கருதி, அதைச் சொல்கிறேன்.

ஆகவே கொப்பியை எறிய வேண்டாம். நான் சனிக்கிழமை பின்னேரத்தில், நற்கருணைக்கு ஆயத்தமாகும்போது அதை எடுப்பேன். யோவான் தன் முதலாம் நிருபத்தை முடிக்கும்போது வாழ்த்துச் சொல்லவில்லை. “பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்வீர்களாக” என்றுதான் முடிக்கிறார். பிள்ளைகளே என்று கூப்பிட்டுச் சொல்கிறார் என்பது எனக்கு ஆறுதல்.

இந்தச் சனிக்கிழமை எழுதியது இது. ஈரத்துணி போட்டுப் பிழைக்க வைத்த அந்த மகள் இப்போது டொரொன்டோவில் இருக்கிறா. புதன்கிழமை பேசுவதாகச் சொன்னா, பேசவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் போனைப் பார்த்தேன், மூன்று மணிக்கும் பார்த்தேன். மகளின் பெயரை எழுதிவிட்டு, அது எனக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று எழுத வேண்டிய வரியை இன்னும் வெறுமையாக வைத்திருக்கிறேன்.